கரடுநில முப்போட்டியும் தொழில்சாரா வீரரும்

மனிதன் தன் உடலாற்றலை அளந்தறிதற்கு வகுத்துக்கொண்ட வழிகள் பலவாகும். அவற்றுட் பெரும்பாலன ஓர் ஆற்றலை மட்டும் தனித்து அளப்பன. விரைந்தோடுவோன் தன் ஓட்டத்தால் அறியப்படுகின்றான். பாரந் தூக்குவோன் தூக்கிய நிறையால் அறியப்படுகின்றான். அளவையிற் பிழை நேராவண்ணம் ஓடுகளம் சமமாக்கப்படுகின்றது. நீச்சற்குளத்து நீர் அலையாது காக்கப்படுகின்றது. இவ்வாறு இடத்தின் வேறுபாடுகளை நீக்கி, ஆளின் வேறுபாட்டை மட்டும் காண முயல்வதே இக்கால விளையாட்டு நெறியின் பொதுவியல்பு எனலாம்.

இதற்கு மாறாக, இடத்தின் வேறுபாடுகளையே சோதனைப் பொருளாகக் கொள்ளும் போட்டிகளும் சில உள. கரடுநில முப்போட்டி அவற்றுள் ஒன்று. தொழின்முறை வீரர் சிலர்க்கு இது வாழ்வூதியம். வேறு தொழில் செய்து வாழும் பலர்க்கோ இஃது ஓய்வுநேர முயற்சி. இப்போட்டியின் இயல்பு யாது, பரிசினை எதிர்நோக்காது இதில் இறங்கும் தொழில்சாரா வீரர் பெறும் பயன் யாது என்னும் இரண்டும் இங்கு ஆராயப்படும்.

பெயரும் அளவும்

‘ட்ரையத்லன்’ என்பது மூன்று எனவும் போட்டி எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் புணர்ந்து ஆகிய பெயர். பெயர் கிரேக்கமாயினும் விளையாட்டுப் பண்டைக் கிரேக்கருடையதன்று. நீந்தல், துவிச்சக்கரவண்டி ஓட்டல், ஓடல் ஆகிய மூன்றையும் ஒருவரே இடைநிறுத்தமின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்தலே இன்று அப்பெயராற் குறிக்கப்படுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுதும் கடிகாரம் நிற்பதில்லை. தலைக்கவசம் அணிதலும் சப்பாத்து மாற்றுதலும் போட்டியின் கூறுகளே. ஆதலின் மாற்றிடத்து வினையை நான்காம் போட்டி எனக் கூறுவாரும் உளர்.

ஒலிம்பிக் விளையாட்டில் இடம்பெறும் முப்போட்டியில் நீச்சல் 1.5 கிலோ மீற்றரும், வண்டியோட்டம் 40 கிலோ மீற்றரும், ஓட்டம் 10 கிலோ மீற்றருமாகும். வண்டியோட்டமும் ஓட்டமும் செப்பனிட்ட தெருக்களில் நிகழும். கரடுநில முப்போட்டியில் நீச்சல் 1 முதல் 1.5 கிலோ மீற்றர் வரையும், வண்டியோட்டம் 20 முதல் 30 வரையும், ஓட்டம் 6 முதல் 10 வரையும் அமைவது வழக்கு. வண்டியோட்டமும் ஓட்டமும் காட்டுவழி, மலைச்சரிவு, மணல், சேறு, கற்பாறை என்பனவற்றின்மேல் நிகழும். தூரம் குறைந்தவிடத்தும் காலம் குறைவதில்லை. ஒலிம்பிக் போட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பர் ஆடவருள் முன்னணி வீரர். ஹவாய்த் தீவுக்கூட்டத்து மாவுயித் தீவிலே நடைபெற்ற கரடுநிலப் போட்டியில் வென்றோர்க்கு இரண்டரை மணியளவு வேண்டியிருந்தது. நிலம் தன் வரியை வாங்காது விடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

தோற்றமும் வளர்ச்சியும்

கரடுநில முப்போட்டி இரண்டு ஆறுகள் கலந்த ஒரு கூடல் போன்றது. முதலாவது ஆறு முப்போட்டி. 1974ஆம் ஆண்டு செத்தெம்பர் 25ஆந் திகதி கலிபோர்னியாவின் சன் டியாகோ நகரத்து ஓட்டக் கழகத்தார் மிஷன் விரிகுடாவில் நடாத்திய போட்டியே இப்பெயரோடு இக்காலத்தில் முதன்முதல் நடந்ததெனக் கொள்ளப்படும். அதிற் பங்குபற்றியோர் 46 பேர். எவ்வகை விளையாட்டு வீரர் உடல்வலி மிக்கார் என்னும் சொல்லாடலின் விளைவாக, கடற்படை அலுவலரான ஜோன் கொலின்ஸ் என்பாரின் எண்ணப்படி 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி ஹவாயின் ஓஆகுத் தீவில் நெடும்போட்டி ஒன்று நடைபெற்றது. 3.8 கிலோ மீற்றர் நீச்சல், 180 கிலோ மீற்றர் வண்டியோட்டம், முழு மரதன் ஓட்டம் என்பன அதன் கூறுகள். தொடங்கினோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 1989இல் அனைத்துலகச் சங்கம் ஒன்று அமைந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முப்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. ஓஆகு நெடும்போட்டியின் வழிவந்த அரைத்தூரப் போட்டியொன்று 2018இற் கொழும்பிலும் நடந்தது.

இரண்டாவது ஆறு மலைத் துவிச்சக்கரவண்டி. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்துத் தமல்பைஸ் மலைப்பகுதியில், 1970களில் இளைஞர் சிலர் தடித்த ரயர் பூண்ட பழைய வண்டிகளை மேலேற்றிச் சென்று கற்பாதை வழியே கீழே ஓட்டி மகிழ்ந்தனர். 1976 ஒக்டோபர் 21ஆந் திகதி அவர்கள் தமக்குள் முதலாவது போட்டியை நடாத்தினர். மலையிறங்கும்பொழுது பின்சில்லின் தடை சூடேறி, உள்ளிருந்த மசகு எரிந்து புகையாய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்க வேண்டியிருந்தமையால் அப்போட்டிக்கு ‘மீளடைப்பு’ எனப் பொருள்படும் பெயரே வழங்கலாயிற்று. இக்குறை கண்டு, மலைக்கெனவே வண்டி செய்யும் முயற்சி அடுத்த ஆண்டே தொடங்கிற்று. 1990இல் முறைப்படியான முதலாவது உலகப் போட்டி கொலராடோவின் டுராங்கோ நகரில் நடைபெற, நெட் ஓவரெண்ட் என்பார் ஆடவருள் முதல்வரானார். 1996இல் அற்லாந்தா ஒலிம்பிக்கில் மலைவண்டியோட்டம் இடம்பெற்றது.

அதே 1996ஆம் ஆண்டில் இவ்விரு ஆறுகளும் மாவுயித் தீவிற் கலந்தன. முப்போட்டி வீரரையும் மலைவண்டி வீரரையும் ஒரே களத்தில் நிறுத்தினால் வெல்வார் யார் என்னும் வினாவே அதற்குத் தூண்டுதலாயிற்று. இன்று ‘எக்ஸ்டெரா’ என அறியப்படும் அப்போட்டி ஆண்டுதோறும் மாவுயியில் நிகழ்ந்து உலகப் போட்டியாக வளர்ந்தது. 2022இல் அவ்வுலகப் போட்டி இத்தாலியின் மொல்வேனோ மலையேரிக்கு இடம் மாறிற்று. அனைத்துலகச் சங்கமும் 2011இல் ஸ்பெயின் நாட்டு எஸ்திரமதுராவில் தன் முதலாவது கரடுநில உலகப் போட்டியை நடாத்தியது.

தூண்டிய வினாவுக்குக் கிடைத்த விடை எளியதன்று. முதலாண்டு வென்ற ஜிம்மி ரிச்சிற்றெல்லோ முப்போட்டி வீரர். ஆயின் 1998இலும் 1999இலும் வென்றவர் மேற்கூறிய நெட் ஓவரெண்ட். அப்பொழுது அவர்க்கு வயது முறையே 43, 44. நீச்சலிற் பலர்க்குப் பின்தங்கி வெளியேறிய அவர், மலைவழியில் அவர்களையெல்லாம் கடந்து முன்சென்றார். அதன்பின் 2001, 2002, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் வென்ற தென்னாபிரிக்கரான கொன்றாட் ஸ்ரொல்ட்ஸ் ஒலிம்பிக் முப்போட்டியிலும் பங்குபற்றியவர். நீரிலும் மலையிலும் ஒருங்கே வல்லவர். தனியொரு வலிமையால் அன்றி, இடத்துக்கேற்ற வலிமையால் வெற்றி அமைவதனை இவ்வரலாறு காட்டும்.

நீரிற் சோதனை

போட்டி கடலிலோ ஏரியிலோ தொடங்கும். குளத்தில் நீந்திப் பழகியோர்க்குத் திறந்த நீர் புதியதோர் உலகம். குளத்தின் அடியிற் கோடு உண்டு. கடலின் அடியில் வழிகாட்டுவது ஏதுமில்லை. சில கையடிகளுக்கு ஒருமுறை தலையுயர்த்தி மிதவையை நோக்காதவர் வளைந்து சென்று வீண்தூரம் நீந்துவர். நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பாயும்பொழுது பிறர் கையும் காலும் முகத்திற் படும், அலை வாயில் நீர் புகுத்தும், மூச்சு ஒழுங்கிழக்கும். பயிற்சியற்றவரிடத்து இதயத் துடிப்பு அச்சத்தால் உயர்வது உடலுழைப்பால் உயர்வதனிலும் விரைவானது.

இவ்விடர் வெறும் அச்சமன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த பலவகை முப்போட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, திடீர் மரணம், இதய நிறுத்தம், விபத்து மரணம் என்பன சேர்ந்து 135 நிகழ்ச்சிகளைக் கணக்கிட்டது. அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பங்குபற்றுவோர் இலட்சத்துக்கு 1.74 என்பது அவ்வாய்வு கண்ட வீதம். வீதம் சிறிதாயினும், நடுவயது கடந்த ஆடவரிடத்து அது மிகுதல் கருதற்பாலது. எனவே, மாரடைப்புக்குரிய குறிகளைப் பற்றி மருத்துவரை நாடுதலும், போட்டிக்கு முன்பே திறந்த நீரிற் பிறர் துணையோடு பழகுதலும், மூச்சுத் தடுமாறும்பொழுது மல்லாந்து மிதந்து காவலரை அழைத்தலும் தொழில்சாரா வீரர் முதற்கண் கற்க வேண்டியவை. கையுயர்த்தி உதவி கேட்பது தோல்வியன்று. மிதவையைப் பற்றி இளைப்பாறுதலை விதியே இசைந்து நிற்கின்றது, அதனால் முன்னேறாதவிடத்து.

மலைவழியிற் சோதனை

நீரிலிருந்து எழுந்தவர் வண்டியேறி மலைவழி புகுகின்றார். தெருப்போட்டிக்கும் கரடுநிலப் போட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவுறும். தெருவில் விரைந்து செல்வோர்க்குப் பெரும்பகை காற்று. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்மடங்காகும். மணிக்கு 40 கிலோ மீற்றர் வேகத்தில் எதிர்ப்படும் தடை 15 கிலோ மீற்றர் வேகத்திற் படுவதன் ஏழு மடங்கு. ஆதலினால் தெருவீரர் உடலைக் குனித்து, காற்றைக் கிழிக்கும் வடிவமைந்த விலையுயர்ந்த வண்டியை நாடுவர். கரடுநிலத்திலோ வேகம் குறைவு, காற்று சிறுபகை. புவியீர்ப்பும் நிலத்தின் கரடுமே பெரும்பகை.

ஓர் எடுத்துக்காட்டு: வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்க. நூற்றுக்குப் பத்து வீதமான ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோ மீற்றர் வேகத்தில் ஏறுவதற்குப் புவியீர்ப்பை வெல்லுதற்கு மட்டும் ஏறக்குறைய 220 வாற்று ஆற்றல் வேண்டும். நன்கு பயிலாதவர் இவ்வளவை ஒரு மணி நேரம் தாங்குதல் அரிது. அதே ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 4 கிலோ மீற்றர் நடப்பின், அதற்கு வேண்டுவது 90 வாற்றிலும் குறைவு. வண்டியைத் தள்ளவோ தோளிற் சுமக்கவோ விதி இடந்தருகின்றது. ஏற்றத்தின் தலைப்பில் எஞ்சிய வலியோடு நிற்பவர், ஏறி வந்து மூச்சடங்காது நிற்பவரை இறக்கத்தில் எளிதிற் கடப்பர். எங்கே மிதிப்பது, எங்கே நடப்பது என அறிதலும் திறமையின் பாற்பட்டதே.

இறக்கம் வேறொரு கல்வி. அஞ்சியவர் முன்சில்லின் அடியிலுள்ள கல்லையே நோக்குவர். கண் நோக்கியவிடத்தே வண்டியும் செல்லும். பயின்றவர் பத்து அடிக்கப்பால் வழியை நோக்கி, இருக்கையிலிருந்து எழுந்து உடற்பாரத்தைப் பின்வாங்கி, முழங்கை முழங்கால்களைத் தளர்த்தி, வண்டி தன் கீழ் ஆட இடங்கொடுப்பர். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிப்பர். வளைவின் நடுவே தடையை இறுகப் பற்றுதல் சில்லைச் சறுக்கச் செய்யும். ரயரிற் காற்றைச் சிறிது குறைத்தால் அது நிலத்தோடு பொருந்தும் பரப்பு மிகும், பிடிப்பு மிகும். மிகக் குறைப்பின் பாறை விளிம்பு ரயரை நசுக்கிச் சில்லைத் தாக்கும். எவ்வளவு காற்று எந்நிலத்துக்கு உரியதென்பது நூலால் அன்றிப் பழக்கத்தாலேயே தெளியப்படும்.

மாவுயியின் பழைய போட்டிவழி ஹலேயக்கலா எரிமலையின் தாழ்சரிவுகளில், உறைந்த எரிமலைக் குழம்புக் கற்களின் மேலாகச் சென்றது. அவ்விடத்தே ‘கியாவே’ என்னும் முள்மரம் மிகுதி. அது 19ஆம் நூற்றாண்டிற் புறத்தேயிருந்து கொண்டுவரப்பட்ட மரம். தமிழ்நாட்டு வறள்நிலங்களையும் அம்பாந்தோட்டைப் பகுதியையும் ஆட்கொண்ட சீமைக் கருவேலுக்கு மிக நெருங்கிய உறவுடையது. அதன் முள் ரயரைத் துளைத்துப் பலருடைய போட்டியை நடுவழியில் நிறுத்தியதுண்டு. இதற்கு மாற்றாக, ரியூப் இல்லாத ரயரினுள் இறப்பர்ப்பால் கலந்த திரவத்தை ஊற்றிவைப்பர். முள் தைத்த துளையில் அது கசிந்து உறைந்து அடைத்துவிடும். அடையாத வெடிப்பை வீரரே தம் கைக்கருவியாற் செப்பஞ்செய்தல் வேண்டும். வெளியார் உதவி விலக்கப்பட்டது. ஆகவே, பத்து நிமிடத்திற் பழுது நீக்கப் பழகியவர், பத்து நிமிடம் விரைந்தோட்டப் பழகியவரிலும் பின்தங்கியவரல்லர்.

ஓட்டத்திற் சோதனை

வண்டியை விட்டிறங்கியவுடன் கால்கள் தமக்குரியனவல்ல என்பது போன்ற உணர்ச்சி தோன்றும். வட்டமாய் மிதித்துப் பழகிய தசைகள் உடற்பாரத்தைத் தாங்கி நிலத்தில் அடித்தோடும் வேலைக்கு உடனே இசைவதில்லை. இதற்காகவே, பயிற்சிக் காலத்தில் வண்டியோட்டி முடித்தவுடன் சிறிது தூரம் ஓடிப் பழகுவர். காட்டுவழி ஓட்டத்திற் காலடியின் நீளம் ஒவ்வொரு நொடியும் மாறும். வேரும் கல்லும் களைத்தவரையே தேடிப் பிடிப்பன. களைப்பு முதலிற் கவர்வது கால் உயரும் உயரத்தை. ஆதலின் இறுதிப் பகுதியில் விழுவோரே மிகுதி.

உணவும் இங்கே வினாவாகின்றது. மூன்று நான்கு மணி நேரம் உழைப்பவர்க்குத் தசையிற் சேமித்த மாச்சத்து மட்டும் போதாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உட்கொள்ளல் பொதுவான அறிவுரை. கரடுவழியில் ஒரு கையை விட்டு உண்ணல் இடர் தருமாகலின், சமநிலம் வரும் இடங்களை முன்னறிந்து வைத்துக்கொள்ளல் நலம். நீர் குறைதல் தீங்கென்பது யாவரும் அறிந்தது. தாகத்துக்கு மேற்படப் பெருக நீர் குடித்துக் குருதியின் உப்பளவைத் தாழ்த்துதலும் அதனையொத்த தீங்கே.

தொழில்சாரா வீரர் யாவர்?

‘அமெச்சூர்’ என வழங்கும் சொல் இலத்தீன் மொழியில் அன்பு செய்வோன் என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. அன்பினாலே செய்பவர் என்பதே அதன் உட்பொருள். ஆயின் வரலாற்றில் அச்சொல் பிறரை விலக்கும் வேலியாகவும் பயன்பட்டது. அமெரிக்கப் பழங்குடியினரான ஜிம் தோப் 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்துபோட்டியிலும் பத்துப்போட்டியிலும் பொன் வென்றார். முன்னர்ச் சிறு ஊதியம் பெற்றுப் பந்தாடினார் என்னும் காரணத்தால் 1913இல் அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் 1953இல் இறந்தார். 1982இல் அவரைப் பிறரோடு இணை வெற்றியாளராக ஏற்றுக்கொண்டனர். 2022இலேதான் தனி வெற்றியாளராக மீளப் பதிந்தனர். இதற்கிடையில், 1974இல் ஒலிம்பிக் சாசனத்தினின்றும் அமெச்சூர் என்னும் நிபந்தனைச் சொல்லே அகன்றது.

இன்று முப்போட்டியில் தொழில்சாரா வீரர் என்பார் வேலியால் அல்லாது வாழ்க்கை முறையால் அறியப்படுபவர். ஆசிரியராகவோ தாதியாகவோ எழுதுவினைஞராகவோ பணிபுரிந்து, விடியற்காலையிலும் விடுமுறையிலும் பயின்று, நுழைவுக் கட்டணத்தைத் தாமே செலுத்திக் களம் புகுபவர். ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவாக வகுக்கப்பட்ட வயதுப் பிரிவிற் போட்டியிடுபவர். எழுபது கடந்தோர்க்கும் பிரிவு உண்டு. வட்டாரப் போட்டிகளிலே தம் பிரிவில் முன்னிற்போர் உலகப் போட்டிக்கு இடம்பெறுவர். அங்கே, தொழின்முறை வீரர் மிதித்த அதே சேற்றையே அவரும் மிதிப்பர்.

தொழில், அன்பு என்னும் இரண்டையும் பிரிக்கும் கோடு எப்பொழுதும் நேராய் இருப்பதில்லை. 2011, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் எக்ஸ்டெரா உலகப் போட்டியில் மகளிருள் முதல்வரான ஸ்கொத்லாந்தினர் லெஸ்லி பற்றர்சன் தொழின்முறை வீராங்கனை. அவர் போரின் கொடுமையைக் கூறும் ஜெர்மானிய நாவலொன்றின் திரையுரிமையைப் பல்லாண்டு கைவிடாது காத்தற்குப் போட்டிப் பரிசுப் பணத்தையும் செலவிட்டார். 2022இல் அது திரைப்படமாயிற்று. தழுவல் திரைக்கதைக்காக 2023இற் பிரித்தானியத் திரைப்படப் பரிசையும் அவர் பிறரோடு பகிர்ந்து பெற்றார். அவர்க்கு விளையாட்டே தொழில், அன்பு பிறிதொன்றன்மேல். மறுதலையாக, அலுவலகத்தில் தொழிலும் மலைவழியில் அன்பும் கொண்டவரே பெரும்பாலார்.

வலியும் காலமும் இடமும்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசனை நோக்கியன, போர்வினையைப் பற்றியன. எனினும் ஒரு செயலைத் தொடங்குமுன் அறியவேண்டுவன இம்மூன்றுமே என்னும் பொதுமை அவ்வைப்பு முறையிற் புலனாகும். ஆழ்ந்த நீரிற் பிறவற்றை வெல்லும் முதலை, நீர் நீங்கியவிடத்துப் பிறவற்றால் வெல்லப்படும் என அவர் காட்டும் உண்மை, நீச்சலில் முதல்வராய் வந்து மலையிற் பின்தங்கும் வீரரிடத்து ஆண்டுதோறும் மெய்யாகின்றது.

தொழின்முறை வீரர்க்குப் பயிற்றுநரும் மருத்துவரும் இம்மூன்றையும் அளந்து கூறுவர். தொழில்சாரா வீரர் தாமே அளத்தல் வேண்டும். கிழமைக்கு எட்டு மணி நேரமே கிடைக்குமாயின் அதனை எவ்வாறு பகிர்வது? வலிமையான துறையை மேலும் வளர்ப்பதா, குறையுடைய துறையைத் திருத்துவதா? நோயுற்ற பிள்ளையருகே விழித்திருந்த இரவின் மறுநாள் பயிற்சியைக் கைவிடுவதா, கொள்வதா? போட்டி நாளில், கால் பிசகிய பின் தொடர்வதா, நிற்பதா? இவ்வினாக்களுக்குப் பதக்கம் விடையாகாது. முடிக்காது திரும்பியோர் பட்டியலில் தம் பெயரைக் காண நேர்வது கசப்பானதே. அறிந்து திரும்பியவர்க்கு அடுத்த ஆண்டு உண்டு என்பதும் உண்மையே.

சமமாக்கிய களத்தில் ஒருவர் தம் வேகத்தை அறியலாம். சமமாகாத நிலத்தில் அவர் தம் அளவை அறிகின்றார். நெய்தலிற் றொடங்கிக் குறிஞ்சியில் ஏறி முடியும் இப்போட்டியில் முதலில் வருபவர் ஒருவரே; ஏனையோர்க்குக் கிடைப்பது இவ்வறிவு. அலுவலகத்திலும் இல்லத்திலும் மனிதர் நடக்கும் வழியும் செப்பனிட்ட தெருவன்று. ஆதலின் அவ்வறிவு களத்தோடு முடிந்துவிடுவதில்லை. தொழில்சாரா வீரர் இப்போட்டியினின்றும் கொண்டுசெல்லும் ஊதியம் அதுவேயாகும்.